“கத்தியை நீயே எடுத்துக் கொடுக்கிறாய்” என்று வாப்பா சொல்கிறார்

கேள்வி:

அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. எனக்கு 27 வயது. இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தும்படி கேட்டு நீதியமைச்சருக்கு அனுப்பும் மனு ஒன்றில் கையெழுத்து வைத்தேன். என் மாமி மகளைப் பார்த்துத்தான் வைத்தேன். 15 வயதில் அவளுக்கு நிகாஹ் நடந்தது. 19 வயதில் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். பஸஹ் (மனைவி கேட்கும் விவாகரத்து) கேட்டு, முஸ்லிம் திருமண வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றத்துக்குப் போய் இரண்டு வருடமாகிறது. ஒவ்வொரு தவணைக்கும் மாப்பிள்ளை வராமல் விடுகிறார், காதியார் தள்ளிப் போடுகிறார். பிள்ளைக்குச் செலவும் வருவதில்லை.

வாப்பா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறார். விஷயம் தெரிந்ததும், “நம் ஜனாஸாவை எரித்தவன் கையில் நீயே கத்தியை எடுத்துக் கொடுக்கிறாய்” என்றார். மூன்று வாரமாக என்னோடு பேசவில்லை. அதே மாதம் கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்கே ஒரு சிங்கள ஆசிரியை, “உங்களைப் போன்ற பெண்களைக் காப்பாற்றத்தான் நாங்கள் ஒரே நாடு, ஒரே சட்டம் கேட்கிறோம்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவருக்கு ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

கையெழுத்தைத் திருப்பி வாங்கிவிடட்டுமா? இன்னொன்று: அடுத்த வருடம் எனக்கு நிகாஹ். என் நிகாஹ் பதிவில் நானே கையெழுத்து வைக்க முடியுமா?

— பெயர் வேண்டாம்

பதில்:

வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி.

கையெழுத்தைத் திருப்பி வாங்க வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் வாப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். அவருடைய பயத்தை அறியாமை என்று தள்ளிவிட்டு என்னால் பதில் எழுத முடியாது.

2020 மார்ச் கடைசியில் கொவிட்டில் இறந்த முதல் முஸ்லிமின் உடலை எரித்தார்கள். ஏப்ரலில் வர்த்தமானி வந்தது, எல்லா உடல்களையும் எரிக்க வேண்டும் என்று. உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்றது. இங்கே நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். வழக்குப் போட்டோம். அந்த டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரித்தார்கள். அப்புறம் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். எல்லா இனத்தவரும் வந்து கட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அந்த உத்தரவு மாறியது. அதன் பிறகும் சொந்த ஊர் மையவாடியில் அடக்க விடவில்லை. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் ஓட்டமாவடி மஜ்மா நகருக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது 2024 ஜூலையில்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் அந்த மாதங்களை எப்படிக் கழித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். எந்தெந்த வீட்டுக்கு அவர் போய் நின்றிருப்பார், என்ன சொல்லியிருப்பார்? அதற்கு முன்னால் 2014ல் அளுத்கம, 2018ல் திகன, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு குளியாப்பிட்டியும் மினுவாங்கொடையும். யாரோ செய்த கொலைக்கு ஒரு சமூகம் முழுவதும் கடையையும் வீட்டையும் கொடுத்தது. குருணாகலில் ஒரு மருத்துவர் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று கதை கட்டினார்கள். தமிழில் கவிதை எழுதியதற்காக ஒரு இளம் ஆசிரியரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒன்றரை வருடம் அடைத்து வைத்தார்கள். கடைசியில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. உங்கள் வாப்பா கத்தி என்று சொல்வது இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான்.

ஆனால் “இப்போது வேண்டாம்” என்று அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதற்குத் திகதிகளே போதும்.

சட்டம் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். 1954 முதல் நடைமுறையில் இருக்கிறது. திருத்த வேண்டும் என்று 1970களிலிருந்தே நம் ஆட்களே குழு குழுவாக உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். 2009ல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் ஒரு குழு அமைந்தது. உலமாக்கள், சட்டத்தரணிகள், பெண்கள் எல்லாரும் இருந்த குழு. அப்போது பொது பல சேனா என்ற சிங்கள பௌத்தத் தீவிர அமைப்பே இல்லை. அது 2012ல்தான் வந்தது. ஹலால் முத்திரைக்கு எதிரான கூச்சலும் இல்லை. ஒரே நாடு, ஒரே சட்டம் என்று யாரும் மேடையில் முழங்கவில்லை. அமைதியாக, நம் வீட்டுக்குள் பேசித் திருத்திக்கொள்ள அதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை. அந்தக் குழு அறிக்கை கொடுக்க 2018 ஆனது. ஒன்பது வருடம். கொடுத்ததும் ஒரே அறிக்கையாக இல்லை, இரண்டாகப் பிரிந்து கொடுத்தார்கள். மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யதுல் உலமா சார்பானவர்கள் ஒரு பக்கம், மர்சூஃப் அவர்கள் ஒரு பக்கம்.

நெருக்கடி இல்லாத காலத்திலும் “இப்போது வேண்டாம்” என்றுதான் சொன்னார்கள், தங்கச்சி. நெருக்கடி வந்ததும் அதே பதிலுக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைத்துவிட்டது.

அந்த இடைவெளியில் நடந்தது என்ன? 2021ல் அமைச்சரவை தானாகவே முடிவெடுத்தது: பலதார மணத்தை ஒழிப்போம், காதி முறையையே ஒழிப்போம் என்று. அந்த வருடம் ஒக்டோபரில் ஒரே நாடு, ஒரே சட்டம் என்ற பெயரில் ஜனாதிபதி செயலணி ஒன்று வந்தது. அதற்குத் தலைவர் பொது பல சேனாவின் ஞானசார தேரர். நீதிமன்ற அவமதிப்புக்குச் சிறை சென்று, ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தவர். முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசியே பெயரெடுத்தவர். என் மகள் எந்த வயதில் திருமணம் செய்யலாம் என்பதை அவர் உட்கார்ந்து முடிவு செய்கிற நிலைமை எப்படி வந்தது? நாம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்ட இடத்தில்தான் அவர் வந்து உட்கார்ந்தார். கத்தியை எடுத்துக் கொடுத்தது மனுவில் கையெழுத்து வைத்த பெண்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பல வருடமாக வாசலிலேயே கிடந்தது.

இதை நான் எளிதாகச் சொல்லவில்லை. 2019 மே மாதம் நானும் அதே வார்த்தையைச் சொன்னேன். ஒரு தாய் என்னிடம் வந்தார். தன் 16 வயது மகளுக்குத் தகப்பன் நிகாஹ் பேசிவிட்டார், யாரிடமாவது எழுதிக் கொடுக்க உதவுங்கள் என்றார். அந்த வாரம் தெருவுக்குத் தெரு சோதனை, ஊரடங்கு. முகத்திரைக்குத் தடை வந்த பிறகு வெறும் தலைத்துணி அணிந்த பெண்களையே பஸ்ஸில் முறைத்துப் பார்த்த நாட்கள். ஒரு தொலைக்காட்சி என்னை அழைத்துச் “சிறுவர் திருமணம்” பற்றிப் பேசச் சொன்னது. மறுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தத் தாயிடமும் “கொஞ்சம் அமைதியாகட்டும் உம்மா” என்றேன். ஜூலையில் அந்தப் பிள்ளைக்குத் திருமணம் முடிந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்திருந்தால் நின்றிருக்குமா என்று தெரியாது. எழுதிக் கொடுக்கவில்லை என்பது மட்டும் தெரியும். வெளியில் பேச மறுப்பதும், உள்ளே ஒரு பிள்ளையைக் கைவிடுவதும் ஒன்றல்ல என்று அன்றைக்கு எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

சரி, அந்தச் சிங்கள ஆசிரியைக்கு வருவோம். அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். அடுத்த முறை பார்த்தால் அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்.

நம் சட்டத்தின் 23ஆம் பிரிவு, 12 வயதுக்குக் குறைந்த பெண்ணின் திருமணத்தைக்கூடக் காதியார் விசாரித்து அனுமதித்தால் பதியலாம் என்கிறது. வெட்கப்பட வேண்டிய பிரிவுதான். ஆனால் தண்டனைச் சட்டக் கோவை ஷரீஆ சட்டம் இல்லையே. அது நாடு முழுவதற்கும் உள்ள சட்டம். அதன் 363ஆம் பிரிவை 1995ல் பாராளுமன்றம் திருத்தியது. 16 வயதுக்குக் குறைந்த பெண்ணோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும் வன்புணர்வு என்று எழுதிவிட்டு, 12 வயது கடந்த மனைவி என்றால் அது பொருந்தாது என்று ஒரு விலக்கையும் எழுதி வைத்தது. அதே 1995ல்தான் மற்றவர்களுக்குத் திருமண வயது 18 ஆக்கப்பட்டது. முஸ்லிம் சிறுமியை வெளியே விட்டுவிட்டு வேலி கட்டியது இந்தப் பாராளுமன்றம்தான்.

இரண்டாவது, அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை. அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்கிறது. அதனால்தான் இந்தச் சட்டத்தைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று நீதிமன்றத்தில் உடைக்க முடிவதில்லை. அந்த உறுப்புரை முஸ்லிம் சட்டத்துக்கு மட்டும் காவல் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். கண்டியர் சட்டமும் தனியாக இருக்கிறது. ஒரே சட்டம் கேட்கிறவர்கள் இவற்றை அதே குரலில் கேட்டு நான் கண்டதில்லை.

மூன்றாவதாக இந்தியாவைச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் சொல்லும் தலாக்குக்கு எதிராக முஸ்லிம் பெண்களே வழக்காடி 2017 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். 2019ல் அரசு அதைக் குற்றவியல் சட்டமாக்கி, கணவனுக்கு 3 வருடம் வரை சிறை என்றது. வேறு மதத்துக்காரன் மனைவியை விட்டுவிட்டுப் போனால் அதற்காகச் சிறை இல்லை. பெண்கள் கேட்டது திருமணத்துக்குள் நியாயம். அது அரசின் கைக்குப் போனபோது ஒரு சமூகத்து ஆண்களை உள்ளே தள்ளும் கருவியாகிவிட்டது.

ஆகவே அந்த ஆசிரியைக்கு ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். “எங்களுக்கு வேண்டியதை நாங்கள் பிரிவு பிரிவாக எழுதி வைத்திருக்கிறோம். அதற்குத் துணை நில்லுங்கள், எங்களுக்குப் பதிலாக எழுதாதீர்கள்” என்று சொல்லலாம்.

நீங்கள் கையெழுத்திட்ட அமைப்பிடமும் ஒன்றைக் கேளுங்கள். வெளியிடும் ஒவ்வோர் அறிக்கையிலும் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்: வயது 18 ஆக வேண்டும், மணப்பெண்ணின் கையெழுத்து வேண்டும், பெண்களும் காதியாக வர வேண்டும் என்பதோடு, காதி முறையை ஒழிப்பதையும் செயலணிகளையும் ஏற்கமாட்டோம் என்பதையும். முதல் பாதியை மட்டும் எழுதினால் பத்திரிகை அதை வேறு தலைப்பில் போட்டுவிடும். பல பெண்கள் இதைப் பல வருடமாகக் கவனமாகச் செய்துவருகிறார்கள். புத்தளத்தில் இதற்காக முன்னால் நிற்கிறவர்களில் 1990ல் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய குடும்பங்களின் பெண்களும் உண்டு. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு வந்தவர்கள். அவர்களிடம் போய் “சமூகத்துக்கு ஆபத்து என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது” என்று சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது?

மார்க்கம் மாறிவிடுமே என்று வாப்பா கேட்டால் இந்தோனேசியாவைக் காட்டுங்கள். நம்மைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபை (மார்க்கச் சட்ட மரபை)ப் பின்பற்றும் நாடு. அங்கே வலி (பெண்ணின் பொறுப்பாளர், பொதுவாகத் தகப்பன்) இல்லாமல் நிகாஹ் இல்லை. ஆனால் 2019ல் பெண்ணின் திருமண வயதை 19 ஆக்கினார்கள். நீதிமன்ற அனுமதியோடு விலக்கு உண்டு என்பது வேறு விஷயம். மார்க்க நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். மலேசியாவின் ஷரீஆ நீதிமன்றங்களிலும் இருக்கிறார்கள். இங்கே காதியாக ஆண் மட்டுமே வரலாம் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. அதை எழுதியது கொழும்பில் இருந்த பாராளுமன்றம். திருமணத்தை உறுதியான உடன்படிக்கை என்று அழைக்கிறது அன்னிஸா அத்தியாயத்தின் 21ஆம் வசனம். உடன்படிக்கையில் ஒரு தரப்பின் கையெழுத்து இல்லை என்றால் எந்த வழக்கறிஞரும் அதைக் குறை என்றுதான் சொல்வார்.

இனி மாமி மகள். இது அவசரம், தள்ளிப் போடாதீர்கள்.

பஸஹ் முடியட்டும், பிள்ளைச் செலவைப் பிறகு பார்க்கலாம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தப்பு. பிள்ளைக்கான தாபரிப்பு (பராமரிப்புச் செலவு) தனி விண்ணப்பம். விவாகரத்து எந்த நிலையில் இருந்தாலும் இன்றே கொடுக்கலாம். காதி நீதிமன்றம் தொகையைத் தீர்மானித்த பிறகும் அவர் கட்டவில்லை என்றால், அதை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி அபராதப் பணம்போல அறவிட 64ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பல பெண்களுக்கு இது தெரியாது, சில காதியாருக்கும் இதைச் செய்யச் சோம்பல். எழுத்தில் கேட்க வேண்டும்.

மாப்பிள்ளை வராத ஒவ்வொரு தவணையின் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வழக்கேட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பஸஹ் விசாரணையில் காதியாரோடு மூன்று மதிப்பீட்டாளர்கள் உட்கார வேண்டும். உட்கார்ந்தார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காதியாரை நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு. காரணமில்லாமல் இழுத்தடித்தால் அங்கே எழுத்தில் முறையிடலாம். தீர்ப்பு பாதகமாக வந்தால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு உண்டு. தாமதிக்காமல் போக வேண்டும். காதியார் முன் சட்டத்தரணி தோன்றிப் பேச 74ஆம் பிரிவு விடாது. ஆனால் கடிதங்களையும் விண்ணப்பத்தையும் சட்டத்தரணி ஒருவர் தயாரித்துக் கொடுப்பதை அது தடுக்கவில்லை. காதி நீதிமன்றம் நடக்கும் இடங்களின் வாசல்களில் நான் பல மணி நேரம் நின்றிருக்கிறேன். உள்ளே ஒரு பெண் தனியாக நான்கு ஆண்களுக்கு முன்னால் தன் படுக்கையறைக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். கணவன் தலாக் சொல்லக் காரணம் காட்ட வேண்டியதில்லை. பஸஹ் கேட்கிற பெண் காரணமும் காட்டி, சாட்சியும் கொண்டுவர வேண்டும். அவளோடு நீங்கள் கூடப் போங்கள். உள்ளே விடாவிட்டால் வாசலில் நில்லுங்கள். வெளியே வரும்போது அவளுக்கு ஒரு முகம் தெரிய வேண்டும்.

உங்கள் நிகாஹுக்கு வருகிறேன். பதிவில் மாப்பிள்ளை, உங்கள் வலி, நிகாஹ் நடத்துபவர் ஆகியோரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கிறது. உங்களுடையதைக் கேட்கவில்லை. நீங்கள் சம்மதத்தை எழுத்தில் கொடுப்பதைத் தடுக்கவும் இல்லை. “இன்னாரைத் திருமணம் செய்ய நான் முழு மனதோடு சம்மதிக்கிறேன்” என்று ஒரு தாளில் எழுதி, திகதியிட்டுக் கையெழுத்து வைத்து, இரண்டு சாட்சிகளோடு பதிவாளரிடம் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் திருந்தும்வரை நம்மால் செய்ய முடிந்தது இவ்வளவுதான். பொது விவாகச் சட்டத்தில் பதியலாமே என்று யாராவது சொன்னால், இரண்டு முஸ்லிம்களுக்கு அந்தக் கதவு இன்றைக்குத் திறந்தில்லை.

கைக்கூலி, அதாவது மாப்பிள்ளைக்குச் சீதனப் பணம், கொடுப்பதாக இருந்தால் (வேண்டாம் என்பதுதான் என் விருப்பம்) அதை அப்படியே பதிவில் எழுத வையுங்கள். ஊரில் வெட்கப்பட்டு அந்த இடத்தை வெறுமையாக விடுகிறார்கள். பின்னால் திருப்பிக் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, நிரூபிக்கத்தான் கையில் எதுவும் இருக்காது. மஹரை, அதாவது மாப்பிள்ளை உங்களுக்குத் தரும் மணக்கொடையை, குர்ஆன் பிரதி ஒன்று, 101 ரூபாய் என்று சடங்குக்கு எழுதாமல் மதிப்புள்ள ஒன்றாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. கிழக்கில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். அந்த வீட்டு உறுதி உங்கள் பெயரில் இருக்கட்டும். நிகாஹ் முடிந்த அன்றே பதிவு நடக்கட்டும். பதியாவிட்டாலும் திருமணம் மார்க்கப்படி செல்லும் என்பது உண்மைதான். ஆனால் நாளைக்கு ஒரு தாபரிப்பு வழக்கில் நீங்கள் மனைவி என்று நிரூபிக்கவே ஒரு வருடம் போய்விடும்.

வாப்பாவோடு பேச்சைச் சட்டத் திருத்தத்தில் தொடங்காதீர்கள், அதில் அவர் முன்பே ஒரு பக்கம் நின்றுவிட்டார். உங்கள் வலி அவர்தான். பதிவுப் படிவம் ஒன்றை வாங்கி வந்து, அவர் இஷா தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் முன்னால் வையுங்கள். “வாப்பா, இதில் நீங்கள் கையெழுத்து வைக்கும் இடம் இது. என் பெயர் இங்கே இருக்கிறது. நான் கையெழுத்து வைக்க இடமில்லை. உங்கள் பக்கத்தில் நானும் ஒரு தாள் வைக்கட்டுமா?” என்று கேளுங்கள். மாமி மகளின் அடுத்த தவணைத் திகதியையும் சொல்லுங்கள். பள்ளிவாசல் நிர்வாகி ஒருவர் கூட வந்து வாசலில் நின்றால் அந்தக் காதியார் அவ்வளவு எளிதாகத் தள்ளிப் போடமாட்டார். அது அவரால் செய்ய முடிந்த காரியம், அவருக்கு அது புரியும் என்றே நினைக்கிறேன்.

தாபரிப்பு விண்ணப்பத்தை எழுதியதும் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பார்த்துத் தருகிறேன்.